குலுக்கலில் வந்தவன்

சேந்தனின் பெயரை அறிவித்த நேரத்தில் அவன் ஹூஸ்டன் நகரத்தில் ஒரு பல் மருத்துவமனையின் கூரை மேல் முழங்காலிட்டு உட்கார்ந்து, பழுதான ஏ.சி.யின் விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தான். மே மாத வெயிலில் தகரம் தோசைக்கல்லாகக் காய்ந்தது. கீழே வேனில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த அவன் அப்பா கோதண்டம், தொப்பை குலுங்க ஏணியில் பாதி ஏறி வந்து கத்தினார்.

"டேய் சேந்தா! உன் பேரைச் சொல்றாய்ங்கடா!"

"யாருப்பா?"

"ரேடியோக்காரன்தான். கடிச்சுத் துப்புறான். ஆனாலும் உன் பேருதான். பின்னாடியே என் பேரும் வருதுல்ல!"

சேந்தன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் நழுவித் தகரத்தில் உருண்டு எங்கோ போய் விழுந்தது. அவன் தேடவில்லை. கூரை விளிம்புக்கு ஓடி வந்து, "எந்த டீம்ப்பா? எந்த டீம்?" என்று கேட்டான்.

"டுலூத்தாம். அது எங்கடா இருக்கு?"

டுலூத் ஓநாய்கள். சென்ற ஆண்டின் சாம்பியன்கள். சேந்தன் அந்தக் கூரை மேலேயே, பக்கத்துக் கட்டடத்து ஆட்கள் வேடிக்கை பார்க்க, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு குதித்தான். "டேய், தகரம்டா! உள்ள விழுந்து தொலையாத!" என்று அப்பா அலறினார்.

அருப்புக்கோட்டையிலிருந்து வந்து முப்பது வருடம் ஆகியும் கோதண்டத்துக்கு அமெரிக்கக் கால்பந்து பிடிபடவில்லை. "பந்தைக் கையில தூக்கிக்கிட்டு ஓடுறாய்ங்க, அதுக்குப் பேரு கால்பந்தாம்" என்பார். ஒருவன் பந்தை வீசுவான், இன்னொருவன் ஓடிப்போய்ப் பிடிப்பான், எதிரணி அவனைத் தள்ளிச் சாய்க்கும், நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. இவ்வளவையும் மகன் பல தடவை விளக்கியிருந்தான். சேந்தன் பிடிக்கிறவன். பிறவியிலேயே அவன் கை அப்படி.

ஆனால் பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. ஆண்டுதோறும் லீக்கின் அணிகள் புது ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். அந்தத் தேர்வை மனிதக் கண்கள் செய்த காலம் மலையேறிவிட்டது. இப்போது கணிப்பான் என்ற இயந்திரம்தான் எல்லாம். பையன்களுக்குப் பதினெட்டு வயதானதும் அது எலும்பை அளக்கும், ரத்தத்தைப் பார்க்கும், தூங்கும்போது மூளையைக் கேட்கும், ஓடும்போது குதிகால் தரையில் எப்படி விழுகிறது என்று கவனிக்கும். பிறகு இவன் எத்தனை வருடம் ஆடுவான், எந்த வயதில் முட்டி போகும், எந்த வயதில் பயம் வரும் என்று சொல்லிவிடும். பச்சை விளக்கு எரிந்தவன் கல்லூரி அணிக்குப் போவான், பிறகு லீக்குக்குப் போவான். சிவப்பு எரிந்தவன் வீட்டுக்குப் போவான். சிவப்புக்குக் காரணம் சொல்லும் வழக்கமில்லை.

சேந்தனுக்குச் சிவப்பு. நான்கு வருடமாக அவன் அப்பாவோடு கூரை கூரையாக ஏறிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவை முட்டி சொடுக்கும்போதும், மூச்சு வாங்கும்போதும், 'இதுதான் காரணமா?' என்று தன்னையே தடவிப் பார்த்துக்கொள்வான்.

அவனைப் போன்றவர்களுக்கு ஒரே ஒரு துளை மிச்சம் இருந்தது. தேர்வின் கடைசிப் பெயர் மட்டும் சிவப்பு வாங்கியவர்களிலிருந்து குலுக்கலில் எடுக்கப்படும். அவனுடைய அளவுகளுக்கு முத்திரை வைத்துவிடுவார்கள், எந்த அணியும் பார்க்க முடியாது. ஆட்டக்காரர் சங்கம் என்றைக்கோ வழக்குப் போட்டு வாங்கிய விதி அது. எதற்காக வாங்கினார்கள் என்பது மறந்துபோய், அது ஒரு வேடிக்கையாகிவிட்டிருந்தது.

எவ்வளவு பெரிய வேடிக்கை என்பது கலிபோர்னியாக் கடற்கரையில் நடந்த விருந்தில்தான் சேந்தனுக்குத் தெரிந்தது. 'கடைசி ஆள் விழா' என்று பலூன் கட்டியிருந்தார்கள். பந்தைத் தவறவிடும் மனிதனின் பொம்மையைப் பரிசாகக் கொடுத்தார்கள். பிறகு பூமாலை போட்ட கழுதை ஒன்றைக் கொண்டுவந்து, அதன் மேல் ஏறி ஊர்வலம் வரச் சொன்னார்கள்.

கோதண்டத்தின் முகம் கறுத்துவிட்டது. "ஊர்ல களவாண்டவனைத்தான்டா கழுதை மேல ஏத்துவாய்ங்க. நீ என்னத்தைக் களவாண்ட?"

"விடுங்கப்பா, சும்மா விளையாட்டு."

"எனக்கு விளையாட்டாத் தெரியல."

சேந்தன் ஏறவில்லை. மாலையைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, கழுதையின் கழுத்தில் கைபோட்டபடி அதனோடு நடந்தான். கூட்டம் சிரித்தது. கேமராக்களும் அதை ரசித்தன. ஆனால் ஒரு பெண் மட்டும் சிரிக்காமல், காகிதத் தட்டில் வறுத்த மீனைத் தின்றபடி அவனோடு மணலில் நடந்து வந்தாள். முப்பது வயது சொச்சம், வெயிலில் சிவந்த மூக்கு.

"ரூத் ஹாலரன். ஆட்டக்காரர் சங்கத்து வக்கீல்," என்றாள். "உனக்கு முன்னாடி இந்தக் கழுதையில ஏறினவங்கள்ல எத்தனை பேர் மைதானத்துல இறங்கியிருக்காங்க, தெரியுமா?"

"எத்தனை பேர்?"

"ஒருத்தர்கூட இல்லை. விருந்து நடக்கும். கைதட்டுவாங்க. சீசன் தொடங்கறதுக்கு முன்னாடி நன்றி சொல்லி அனுப்பிடுவாங்க."

சேந்தன் நின்றுவிட்டான். கழுதையும் நின்றது.

"அப்ப எதுக்கு இந்தக் குலுக்கல்?"

ரூத் விரலை நக்கிக்கொண்டாள். "ஒரு வாத்தியார் வகுப்புல பாதிப் பேரைப் பார்த்து, 'நீங்க ஃபெயில்தான் ஆவீங்க, பரீட்சைக்கே வராதீங்க'ன்னு துரத்திடறார்னு வச்சுக்கோ. எழுதின மீதிப் பேர்ல முக்கால்வாசிப் பேர் பாஸ். உடனே 'பார்த்தீங்களா, நான் சொன்னது எவ்வளவு சரி'ங்கறார். சரியா?"

"துரத்தின பசங்க எழுதியிருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியாதே?"

"அதான்! துரத்தின பசங்கள்ல யாரோ ஒருத்தனைக் கண்ணை மூடிக்கிட்டு இழுத்து, பரீட்சையில உட்கார வைக்கணும். ஒவ்வொரு வருஷமும் ஒருத்தன். அப்பதான் வாத்தியார் சொல்றது நிஜமா பொய்யான்னு தெரியும். நீதான் அந்தப் பையன். எங்க சங்கம் வாங்கின ஒரே பரீட்சை நீதான். ஆனா இதுவரைக்கும் ஒருத்தனுக்கும் பேப்பரே கொடுக்கலை."

"நான் ஜெயிச்சுக் காட்டணுமா?"

"ஜெயிக்க வேண்டாம்," என்றாள் ரூத். "இறங்கு. அது போதும்."

டுலூத்தில் ஆகஸ்டிலேயே ஏரிக்காற்று காதைக் கடித்தது. பயிற்சியாளர் வான்ஸ், வாயில் பல்குச்சியோடு அவனை மேலும் கீழும் பார்த்து, "விருந்து நல்லா இருந்ததா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு வாரத்தில் அனுப்பிவிடுவார் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் ஒன்று நடந்தது. அந்த லீக்கில் ஆட்டக்காரர்கள் எல்லோருடைய காதிலும் ஒரு பொத்தான் இருக்கும். கணிப்பான் அதில் பேசும். 'எண்பத்தொன்றாம் எண்காரன் இடப்பக்கம் வெட்டுவான்', 'பன்னிரண்டு இனி ஓடமாட்டான், களைத்துவிட்டான்' என்று எதிராளியின் அடுத்த அடியை முன்கூட்டியே சொல்லும். தடுப்பவர்கள் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்பதையே நம்பி ஆடினார்கள். சேந்தனின் அளவுகள் முத்திரைக்குள் இருந்ததால், அவன் எதிரே ஓடிவந்தபோது அந்தப் பொத்தான் வாயைத் திறக்கவில்லை.

பயிற்சியின் முதல் நாளே லீக்கின் சிறந்த தடுப்பாளன் ஒருவன், சேந்தன் எந்தப் பக்கம் போகிறான் என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே காலைப் பின்னிக்கொண்டு விழுந்தான். மைதானமே கொல்லென்று சிரித்தது. வான்ஸ் பல்குச்சியை எடுத்தார்.

"இவனை வச்சுக்கலாம்," என்றார். "ஆடறதுக்கு இல்லை. நம்ம பசங்களைத் தீட்ட ஒரு சாணைக்கல் வேணும்."

சாணைக்கல்லாகவே சேந்தன் நான்கு மாதம் ஓடினான். அதில் ஒரு நட்பும் கிடைத்தது. பந்து வீசுகிற டேமியன் கோல், தன் வருடத்தின் தேர்வில் முதல் பெயர். பத்திரிகை அட்டைகளில் இருப்பவன். அவன் எல்லோரும் போன பிறகும் சேந்தனை நிறுத்திவைத்துப் பந்து போட்டுக்கொண்டே இருப்பான்.

"உன்கூட ஆடினா சின்ன வயசு ஞாபகம் வருது," என்றான் ஒரு நாள். "நீ எங்க போவேன்னு எனக்கும் தெரியாது. பார்த்துத்தான் போட வேண்டியிருக்கு."

டிசம்பரில், அரையிறுதியில், பனி கொட்டிக்கொண்டிருந்தபோது, டுலூத்தின் பிடிப்பவர்களில் ஒருவன் தோள் பிசகி வெளியே போனான். அடுத்தவன் மூக்குடைந்து போனான். இன்னும் ஒன்றரை நிமிடம். நான்கு புள்ளி பின்னடைவு. கணிப்பான், ஆட்டம் தோல்வி என்று எப்போதோ சொல்லிவிட்டிருந்தது.

"பதினோரு பேர் வேண்டாம், பத்துப் பேரை வச்சே முடிப்போம்," என்றார் வான்ஸ்.

டேமியன் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தான். "அவனை அனுப்புங்க. இல்லைன்னா ஒன்பது பேரை வச்சு முடிங்க."

வான்ஸ் பல்குச்சியைத் துப்பினார். தலையை மட்டும் அசைத்தார்.

சேந்தன் மைதானத்துக்குள் ஓடினான். எழுபதாயிரம் பேரின் இரைச்சல் ஒரு சுவர்போல அவன் மேல் இடித்தது. பார்வையாளர் வரிசையில் எங்கோ, இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் மகனின் சட்டையை இழுத்து மாட்டிக்கொண்டு அப்பாவும் அம்மா செங்கமலமும் இருந்தார்கள். எதிரே நின்ற தடுப்பாளன் காதைத் தட்டித் தட்டிப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. அவன் கண்ணில் ஓடிய கலவரத்தைச் சேந்தன் பார்த்தான்.

பந்து கிளம்பியது. சேந்தன் வலப்பக்கம் போக்குக் காட்டி, இடப்பக்கம் திரும்பி, பனியைக் கிழித்துக்கொண்டு பறந்தான். தடுப்பாளன் நின்ற இடத்திலேயே சுற்றினான். சேந்தனுக்குப் பக்கத்தில் ஆளே இல்லை! பந்து சுழன்று வந்து, கையில் பட்டு, விரல் வழியாக நழுவிப் பனியில் விழுந்தது.

அரங்கம் ஊளையிட்டது. யாரோ கழுதை மாதிரிக் கத்தினார்கள். சேந்தன் திரும்பி வந்தான். "விரல் மரத்துடுச்சு," என்றான்.

"சரி," என்றான் டேமியன். "மறுபடி உனக்குத்தான்."

"எனக்கா?"

"உனக்குத்தான். வேற யார் அப்படித் தனியா நின்னாங்க? ஓடு!"

சேந்தன் இரண்டு கைகளையும் வாயருகே வைத்து ஊதிக்கொண்டான். இம்முறை நேராக ஓடினான். எதிரணியின் இரண்டு பேர் துரத்தினார்கள். காதை விட்டுவிட்டுக் கண்ணால் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். பந்து தலைக்கு மேல் வந்தது. எம்பினான். நெஞ்சோடு அணைத்தான். ஒருவன் இடுப்பில் பாய்ந்தான். சேந்தன் அவனையும் இழுத்துக்கொண்டு ஓடினான். இன்னொருவன் காலைப் பிடித்தான். மூன்று பேரும் பனிக்குள் முகங்குப்புற விழுந்தபோது கடைசிக் கோட்டுக்கு நான்கு கெஜம்தான் மிச்சம். பந்து அவன் வயிற்றுக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

அடுத்த வீச்சை வேறொருவன் பிடித்துக் கோட்டைத் தாண்டினான். டுலூத் ஜெயித்தது. வெற்றிப் புள்ளி சேந்தனுடையது அல்ல. ஆனால் மறுநாள் உலகம் முழுக்க அவன் படம்தான். 'பனியில் ஓர் அற்புதம்' என்று தலைப்புப் போட்டார்கள். அப்பா அருப்புக்கோட்டையிலிருந்த அத்தனை உறவுக்காரர்களுக்கும் போன் போட்டு, "நாலு கெஜம்தான்டா, நாலே கெஜம்!" என்று தொண்டை கட்டும்வரை சொன்னார்.

அந்த வாரமே கணிப்பான் நிறுவனத்திலிருந்து பெல்லமி என்பவர் வந்தார். நரைத்த கிருதா, மெல்லிய குரல். ஹோட்டலில் காலைச் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்தார்.

"உங்களை அற்புதம்னு சொல்றாங்க. நாங்களும் அதைத்தான் சொல்ல ஆசைப்படறோம். கோடியில ஒருத்தர், எந்தக் கணக்குக்கும் அடங்காதவர். உங்க அளவுகளோட முத்திரையை உடைக்க நீங்க சம்மதிச்சாப் போதும். எந்த அணியும் உங்களை விடாது."

"முத்திரை உடைஞ்சா நான் குலுக்கல் ஆள் கிடையாதே?"

"அதனால என்ன? நட்சத்திரம் ஆயிடுவீங்க." பெல்லமி முன்னால் சாய்ந்தார். "உங்களுக்கு ஏன் சிவப்பு விழுந்ததுன்னும் சொல்வோம்."

சேந்தன் கையிலிருந்த முட்கரண்டி அப்படியே நின்றது. நான்கு வருடமாகக் கேட்க ஏங்கிய ஒரே கேள்வி. அதன் விடை இந்த ஆளின் சட்டைப்பைக்குள் இருந்தது. முட்டியா, மூச்சா, மூளையா? 'சொல்லுங்க' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சாயங்காலம் வரை அவகாசம் கேட்டான்.

ரூத்துக்குப் போன் செய்தான். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், உன் வாழ்க்கை," என்றாள் அவள். "ஆனா புரிஞ்சுக்கோ. நீ அற்புதம்னா, விதிவிலக்குன்னு மாலை போட்டு ஒதுக்கிடுவாங்க. நீ தோத்தா, நாங்கதான் அப்பவே சொன்னோமேன்னு சிரிப்பாங்க. ரெண்டுல எதுவானாலும் அவங்க மிஷின் பிழைச்சுக்கும்."

"அப்ப நான் என்னதான் ஆகணும்?"

"தெரியலை," என்றாள் ரூத். அவள் குரலில் முதல் தடவையாகச் சோர்வு இருந்தது. "ஆடிக்கிட்டே இரு."

பிறகு டேமியனிடம் போனான். அவன் தோளில் ஐஸ் பை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என் தோள் முப்பது வயசுல போயிடும்னு பதினெட்டுலயே சொன்னாங்க. பச்சை விழுந்தவங்களுக்கு எல்லாம் சொல்வாங்க. அன்னையிலிருந்து என் பிறந்தநாளுக்கு வீட்டுல கேக் வாங்கறதில்லை. வலிச்சா, வந்துடுச்சோன்னு நினைப்பேன். வலிக்கலைன்னா, எப்ப வரும்னு நினைப்பேன்." ஐஸ் பையைக் கழற்றிக் கீழே வைத்தான். "உனக்கு வலிச்சா என்ன பண்ணுவே?"

"தைலம் தேய்ப்பேன்."

டேமியன் சிரித்தான். "அப்படியே இருந்துக்கோடா."

சாயங்காலம் சேந்தன் பெல்லமியிடம் வேண்டாம் என்று சொன்னான். சொல்லிவிட்டு வெளியே வந்து, பனியில் சுவர் ஓரமாக நின்று, ஒரு மூச்சு அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பயிற்சிக்கு ஓடினான்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக மாறியது. டுலூத் கோப்பை வாங்கியதும், தங்கள் குலுக்கல் ஆளும் அற்புதமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அணிகளுக்கு அரிப்பெடுத்தது. அடுத்த வருடக் கடைசி ஆளையும் இறக்கினார்கள். அதற்கடுத்த வருடத்தவனையும் இறக்கினார்கள். சங்கம் போராடிக் குலுக்கல் பெயர்களை ஒன்றிலிருந்து பத்தாக்கியது. கழுதை ஊர்வலம் தானாக நின்றுபோனது. வந்தவர்களில் ஒருவன் பிரமாதமாக ஆடினான். ஒருவன் முதல் வாரமே மூட்டையைக் கட்டினான். மற்றவர்கள் வந்தார்கள், ஆடினார்கள், அடிபட்டார்கள், திரும்ப ஆடினார்கள்.

சேந்தனும் அப்படித்தான். எதிரணிகள் கண்ணால் பார்க்கப் பழகிக்கொண்டதும் அவனுடைய மாயம் தீர்ந்தது. நல்ல ஞாயிறும் வந்தது, தலைகுனிய வைத்த ஞாயிறும் வந்தது. விரல் முறிந்து ஒரு சீசன் பாதியில் போயிற்று. டுலூத் அவனை விட்டது, தெற்கே ஓர் அணி எடுத்துக்கொண்டது. அட்டைப்படங்களில் அவன் முகம் வருவது நின்றது. அற்புதம் என்று சொன்னவர்களே, 'அவனா, பரவாயில்லை, ஆடுவான்' என்றார்கள்.

டேமியனுக்கு முப்பது பிறந்த அன்று டுலூத் அவன் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. சேந்தன் விமானம் ஏறிப் போனான். ஏரிக்கரையில் இருவரும் தூரமாக நின்றுகொண்டார்கள். டேமியன் வீசிய பந்து செங்கல்போல வந்து சேந்தனின் நெஞ்சில் மோதியது.

"சொல்லுடா," என்று டேமியன் கத்தினான். "என் தோள் போயிடுச்சா?"

இன்னொன்று வீசினான். இன்னொன்று. ஒன்றுகூடத் தவறவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல் வீசிக்கொண்டே இருந்தான்.

சேந்தனின் ஏழாவது சீசன் முடிந்து அவன் ஹூஸ்டன் வீட்டுக்கு வந்திருந்தபோது, ஒரு பகல் சாப்பாட்டு வேளையில் ரூத்தின் அழைப்பு வந்தது. மூச்சிரைத்தது அவளுக்கு.

"உட்கார்ந்திருக்கியா?"

"சாப்பிட்டுட்டு இருக்கேன்."

"கணக்கு வந்துடுச்சு, சேந்தன்! வெளி ஆட்கள், மூணு பல்கலைக்கழகம் தனித்தனியாப் பார்த்திருக்காங்க. குலுக்கல்ல வந்த உங்க எல்லாரையும் கணிப்பான் பொறுக்கின ஆட்களோட ஒப்பிட்டுட்டாங்க. பிடிச்ச பந்து, ஓடின தூரம், பட்ட காயம், ஆடின வருஷம், எதுலயும் வித்தியாசமே இல்லை! நீங்களும் அவங்களும் ஒண்ணு! அதுலயும் நீ இருக்கியே நீ, லீக்ல பந்து பிடிக்கிற ஆட்கள் எல்லாரையும் வரிசையா நிறுத்தினா, நீ நட்டநடுவுல நிக்கறே. முன்னாடியும் இல்லை, பின்னாடியும் இல்லை. சராசரிடா நீ! சுத்தமான சராசரி!"

சேந்தனுக்கு ஒரு கணம் ஆயிற்று. பிறகு புரிந்தது. அற்புதமாக இருந்தால் சிவப்பு விளக்கிலிருந்து அவன் ஒருவன்தான் மீண்டிருப்பான். சராசரி என்றால் சிவப்பு விளக்கே பொய். எச்சில் கையோடு எழுந்து, நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, கூரை அதிரக் கத்தினான்.

அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். அப்பா, "என்னடா, கோப்பையா?" என்றார்.

"கோப்பை இல்லப்பா! நான் சராசரியாம்!"

"அதுக்கா இந்தக் குதி குதிக்கிற?" என்றாள் செங்கமலம்.

அவன் அம்மாவின் தோளைப் பிடித்துச் சுற்றினான். சுற்றியபடியே விளக்கினான். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த பெயர்களும், மிஷின் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய பெயர்களும் ஒரே மாதிரிதான் ஆடியிருக்கின்றன என்றான். தன்னிடம் தனியாக எந்தச் சிறப்பும் இல்லை என்றான். அதைச் சொல்லும்போது அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அம்மாவும் முழுக்கப் புரியாமலே சிரித்தாள். போனில் ரூத்தும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கோதண்டம் மட்டும் சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் ஏதோ யோசிப்பதைப் பார்த்துச் சேந்தன் நின்றான்.

"அப்ப, உன்கிட்ட ஒரு விசேஷமும் இல்ல," என்றார் அவர் மெதுவாக.

"ஒண்ணும் இல்லப்பா!"

"வேண்டாம்னு தள்ளுன மத்த பயலுகளும் உன்னை மாதிரியேதான் ஆடியிருப்பாய்ங்க."

"ஆமாப்பா."

"அவய்ங்கல்லாம் இப்ப எங்கடா இருக்காய்ங்க?"

சேந்தன் சாய்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தான்.

போனில் ரூத், "என்ன ஆச்சு? அப்பா என்ன சொல்றார்?" என்று கேட்டாள். அவன் ஆங்கிலத்தில் அந்தக் கேள்வியைச் சொன்னான். அந்தப் பக்கமும் சிரிப்பு நின்றது.